பன்னிரண்டு மணி நேர வேலைநாளும் உற்பத்தித்திறனும்: தொழிலாளர் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற சொல் அவற்றில் ஒன்றான, தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்பில் இருக்கிறது. ஆனால் ஒரு தொழிலாளி வேலைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை எத்தனை மணி நேரம் ஆகலாம், கூடுதல் நேர வேலைக்கு உச்சவரம்பு என்ன, இடைவேளை எப்போது என்பவற்றையெல்லாம் அச்சட்டம் பெரும்பாலும் விதிகளுக்கு விட்டுவிட்டது. அவ்விதிகளை எழுதுவதிலும் பின்னர் திருத்துவதிலும் மாநிலத்துக்குக் கணிசமான இடம் உண்டு. அந்த இடத்தில் அமர்ந்திருப்பவர்கள் நீங்கள் என்பதால்தான் இம்மடலை அமைச்சருக்கோ கட்சித் தலைவர்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் மேசைக்கு வரும் தொழிலமைப்புகளின் மனுக்களில் ஒரே வாதம் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வரும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கர்நாடகம் 2023இலேயே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வழிவிட்டது; 2025இல் ஆந்திரம் பத்து மணி நேரத்துக்கும், குஜராத்தும் மகாராஷ்டிரமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் நகர்ந்தன; தமிழ்நாடு மட்டும் தயங்கி நின்றால் முதலீடு எல்லை தாண்டிப் போய்விடும், உற்பத்தித்திறனில் நாம் பின்தங்கிவிடுவோம் என்பது அந்த வாதம். நூற்பாலை ஒன்றின் உற்பத்திக் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த வாதத்தைக் கணக்காகவே எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். மனிதநேயத்தின் பெயரால் எட்டு மணி நேரத்தைக் காப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியே. ஆயினும் உற்பத்தி என்ற சொல்லை எதிர்த்தரப்பிடம் முழுமையாக விட்டுக்கொடுத்துவிட்டு அவர்கள் பேசுவதாகவே எனக்குப் படுகிறது.

நூற்பாலையில் ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு இயந்திரம் பகலிரவாக ஓடுகிறது. பகல் ஷிப்ட், அரை நைட், ஃபுல் நைட் என்று மூன்று குழுக்கள் மாறிமாறி வந்தாலும், அதில் நூலை முறுக்கிச் சுற்றும் கதிர் நிற்பதில்லை. ஒரு கதிர் எட்டு மணி நேரத்தில் எத்தனை கிராம் நூல் தருகிறது என்பதுதான் ஆலைகள் தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்ளும் அளவுகோல். மூன்று எட்டு இருபத்து நான்கு, இரண்டு பன்னிரண்டும் இருபத்து நான்கு. எனவே பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு மாறுவதால் இயந்திரம் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஓடப்போவதில்லை. சரி, ஆட்செலவிலாவது மிச்சம் உண்டா? வாரம் ஏழு நாளும் ஓடும் ஆலைக்கு 168 மணி நேரத்துக்கு ஆள் வேண்டும். ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம் என்ற வரம்பை உண்மையாகவே கடைப்பிடித்தால் 168ஐ 48ஆல் வகுக்க மூன்றரைக் குழுக்கள் வருகின்றன. நாளுக்கு எட்டு மணி நேரமாக வைத்தாலும் பன்னிரண்டாக வைத்தாலும் அந்த மூன்றரை மாறாது. குழு மாறும் முறைகள் குறைவதாலும் பேருந்து நடைகள் குறைவதாலும் சிறிது மிச்சமாகலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சட்டமன்றங்களைக் கூட்டி, எதிர்ப்பை எதிர்கொண்டு பெற வேண்டிய அளவுக்கான மிச்சம் அதில் இல்லை.

பெரிய மிச்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு நான்கு நாள் என்று தாளில் எழுதிவிட்டு ஆறு நாள் வேலை வாங்கினால், ஒருவரின் வாரம் 72 மணி நேரமாகிறது. அப்போது மூன்றரைக் குழுக்கள் இரண்டேகாலுக்கு அருகில் வந்துவிடுகின்றன. ஐந்தாம் நாளையும் ஆறாம் நாளையும் பதிவேட்டில் எழுதாமல் விட்டாலோ, எழுதிவிட்டு இருமடங்கு ஊதியம் தராமல் விட்டாலோ மட்டுமே கிடைக்கும் ஆதாயம் இது. எல்லா முதலாளிகளும் இதைத்தான் செய்வார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சட்டத்தை மதித்து நடக்கும் ஆலைக்கு ஏறக்குறைய எதையும் தராத ஒரு தளர்வு, மதிக்காத ஆலைக்கு மூன்றில் ஒரு பங்கு ஆள்தேவையைக் குறைத்துக் கொடுக்கும் என்றால், அந்த விதி இருவரில் யாரை ஊக்குவிக்கும் என்பதை விதி எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் உங்கள் நினைவில் இருக்கும். 65ஏ என்ற புதிய பிரிவு, தினசரி நேரம், வார நேரம், இடைவேளை, கூடுதல் ஊதியம் ஆகியவை பற்றிய பிரிவுகளிலிருந்தெல்லாம் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தர முனைந்தது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன; சில நாள்களில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த விவாதத்தில் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்றுதான்: இந்தத் தளர்வால் எந்தத் தொழிலில், மணிக்கு எவ்வளவு உற்பத்தி கூடும் என்ற கணக்கை யாரும் பேரவையின் முன் வைக்கவில்லை, யாரும் அழுத்திக் கேட்கவும் இல்லை. ஆளெடுப்பில் நெகிழ்வு, முதலீட்டு ஈர்ப்பு என்ற சொற்களோடு பேச்சு நின்றுவிட்டது.

நாடுகளுக்கிடையிலான ஒப்பீடுகளைப் பார்ப்போம். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கணக்குப்படி, அதன் உறுப்பு நாடுகளில் ஒரு தொழிலாளி ஆண்டுக்கு வேலை செய்யும் நேரம் ஜெர்மனியில்தான் மிகக் குறைவு. ஏறத்தாழ 1,340 மணி நேரம். மிக அதிகமாக உழைப்போர் வரிசையில் மெக்சிகோ 2,200 மணி நேரத்தோடு முன்னால் நிற்கிறது. ஒரு மணி நேர உழைப்பில் உண்டாகும் மதிப்போ, மெக்சிகோவைவிட ஜெர்மனியில் மூன்று மடங்குக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாரந்தோறும் மிக நீண்ட நேரம் உழைப்பவர்கள் கிரேக்கர்கள். கடன் நெருக்கடிக் காலத்தில் சோம்பேறிகள் என்று வடக்கு ஐரோப்பியப் பத்திரிகைகள் ஏசியது அவர்களைத்தான் என்பது வேடிக்கை. அவர்களுடைய மணிநேர உற்பத்தித்திறன் ஒன்றியத்தின் சராசரியைவிட வெகுவாகக் கீழே இருக்கிறது. 2024 ஜூலையில் கிரேக்க அரசு சில தொழில்களுக்கு ஆறுநாள் வாரத்தை அனுமதித்தது. நேரம் ஏற்கெனவே மிகுந்திருந்த நாட்டில் நேரத்தையே கூட்டிய அந்த முடிவைப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக நான் கருதவில்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, நேரத்தைக் குறைத்தால் செல்வம் பெருகிவிடும் என்று வாதிடுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியின் சராசரி குறைவதற்குப் பகுதிநேர வேலை பார்ப்போர் அங்கே மிகுதியாக இருப்பது ஒரு முக்கியக் காரணம். இந்தப் புள்ளிவிவரங்கள் ஒரு நாட்டின் காலப்போக்கைப் பார்க்கவே பொருத்தமானவை, நாட்டை நாட்டோடு நிறுத்துப் பார்க்க அவ்வளவு பொருத்தமானவை அல்ல என்று அவற்றை வெளியிடும் அமைப்பே எச்சரிக்கிறது. இயந்திரமும் கல்வியும் சாலையும் மின்சாரமும் முதலில் வந்தன. மணிநேர மதிப்பு உயர்ந்தது. அந்த உயர்வின் ஒரு பகுதியைத் தொழிலாளர்கள் ஓய்வாக வாங்கிக்கொண்டார்கள். மேற்கு ஜெர்மனியின் பொருளாதாரம் மிக வேகமாக வளர்ந்துகொண்டிருந்த 1956ஆம் ஆண்டு மே தினத்தில், அந்நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு "சனிக்கிழமை அப்பா எனக்குச் சொந்தம்" என்று ஒரு சிறுவன் சொல்வதாகச் சுவரொட்டி அடித்து, ஐந்துநாள் வாரத்தைக் கேட்டது. அடுத்த பத்தாண்டுகளில் பல தொழில்களில் அதைப் பெற்றும் விட்டது. இந்திய இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சொன்ன நாராயண மூர்த்தி, போருக்குப் பிந்தைய ஜெர்மனியை எடுத்துக்காட்டினார். அந்த ஜெர்மனியில் இதுவும் நடந்தது.

எதிர்த்தரப்பிடம் இருக்கும் வலுவான சான்று தென்கொரியா. 1980களில் கொரியர்கள் ஆண்டுக்கு 2,700 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள், அந்தக் காலத்தில்தான் அந்நாடு எழுந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பத்தாண்டுகளில் அங்கே பள்ளிக் கல்வி கிட்டத்தட்ட எல்லோரையும் எட்டியது. கப்பல் கட்டும் தளங்களிலும் எஃகாலைகளிலும் முதலீடு குவிந்தது. நீண்ட நேரம் மட்டுமே ஒரு நாட்டை உயர்த்தும் என்றால் பூட்டானும் நாமும் எப்போதோ உயர்ந்திருக்க வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில் இந்தியாவில் வேலை செய்வோரில் பாதிப்பேர் வாரம் 49 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள், பூட்டானில் அதைவிடவும் அதிகம். கொரியாவுமே 2018இல் வார உச்சவரம்பை 68 மணி நேரத்திலிருந்து 52ஆகக் குறைத்தது. 2023 மார்ச்சில் அதை 69ஆக உயர்த்தும் திட்டம் வந்தபோது இளைஞர்களின் எதிர்ப்பால் அரசு பின்வாங்க நேர்ந்தது.

'இந்த வட்டாரத்தில் நேரம் கூடத்தான் வேண்டும்' என்ற வாதம் நமக்குப் புதிதன்று. 1907-08இல் அமைந்த இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள், இந்தியத் தொழிலாளி வேலை நேரத்தில் அங்குமிங்கும் உலவுகிறவன், ஆகவே வயதுவந்த ஆண்களின் நேரத்துக்குச் சட்ட வரம்பு தேவையில்லை என்ற போக்கில் எழுதினார்கள். அந்த ஆணையத்தில் சென்னையிலிருந்து இடம்பெற்றிருந்த மருத்துவர் டி. எம். நாயர், பின்னாளில் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தோரில் ஒருவர், வரம்பு வேண்டும் என்று தனியாக மாற்றுக் குறிப்பு எழுதினார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் பன்னிரண்டு மணி நேரத்தை வரம்பாக்கியது. இன்று நெகிழ்வு என்ற பெயரில் கேட்கப்படுவது அந்த 1911இன் வரம்பையே. 1919இல் வாஷிங்டனில் உலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையை எழுதியபோது, பொதுவாக வாரம் 48 மணி நேரம் என்று சொல்லிவிட்டு, பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனி உறுப்பில் 60 மணி நேரம் என்று எழுதியது. வெப்ப நாடு, வளராத தொழில் என்பவை அன்றைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இங்கே 48 மணி நேரம் சட்டமாக 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அம்பேத்கர் வகித்த காலம் அது.

அந்த இடைக்காலத்தில் தமிழ் நிலத்திலேயே இருவேறு நேரங்கள் இருந்தன. புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவலர்களின் துப்பாக்கிச் சூட்டில் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் உயிரிழந்தார்கள்; அதன் பின்னர், 1937இல், அங்கே எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. எல்லைக்கு இப்பால் தென்னார்க்காட்டில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம். ஒரே மொழி, ஒரே வெயில், ஒரே பஞ்சு. எல்லையின் இரு பக்கமும் தொழிலாளியின் உடல் ஒன்றாகத்தான் இருந்தது; ஆளும் அரசு எதற்கு இணங்கியது என்பதில்தான் வேறுபாடு.

இனி, தொழிலாளர்களே கூடுதல் நேரம் கேட்கிறார்களே என்ற கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க முடியாது; தொழிற்சங்க மேடைகளில் இது போதிய அளவு பேசப்படுவதுமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்பது அன்றாடப் பேச்சு. காலை எட்டரைக்கு உள்ளே போகும் டெய்லர் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு வெளியே வருவார். ஒன்றரை ஷிப்ட் இல்லாத கம்பெனியில் ஆள் நிற்பதில்லை என்று முதலாளிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தை விட்டு வந்த இளைஞருக்கு, அறைக்குத் திரும்பி உட்கார்ந்திருப்பதைவிடப் பவர் டேபிள் என்னும் மின் தையல் மேசையில் இன்னும் நான்கு மணி நேரம் இருந்தால் ஊருக்கு அனுப்பும் பணம் கூடும். ஆனால் அவர் விரும்பித் தேர்வது பன்னிரண்டு மணி நேரத்தை என்று சொல்வதைவிட, எட்டு மணி நேர ஊதியத்தில் வாடகையும் உணவும் போக மிஞ்சுவது போதாததால் அங்கே வந்து சேர்கிறார் என்று சொல்வதே பொருந்தும். உருப்படிக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு எது கூடுதல் நேரம் என்றே கணக்கு இருப்பதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்றது. புதிய தொகுப்பும் அதையே சொல்கிறது. திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஒன்றரை ஷிப்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றரைச் சம்பளம்தான்.

இருமடங்கு ஊதியம் என்பது தண்டனையாக எழுதப்பட்ட விதியன்று. பன்னிரண்டாம் மணி நேரத்தில் கை தளரும், தையல் பிசகும், செக்கிங் மேசையில் திரும்பி வரும் துணி கூடும். அந்த நேரத்தின் விலை உயர்வாக இருந்தால், அந்த வேலை உண்மையிலேயே தேவையா என்று முதலாளி யோசிப்பார். எட்டு மணி நேரத்துக்குள் அதை முடிக்க வழி தேடுவார். விலை குறைந்தால் தேடமாட்டார். முதல் உலகப்போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் திரட்டிய பதிவுகளைப் பொருளியலாளர் ஜான் பென்காவல் 2014இல் மறுபடி ஆராய்ந்தார். வாரம் சுமார் 50 மணி நேரத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்தின் பலனும் குறைந்துகொண்டே போனது. 70 மணி நேரத்தில் வந்த மொத்த உற்பத்தி 56 மணி நேரத்தில் வந்ததைவிட அதிகம் வேறுபடவில்லை என்பது அவர் கண்டது. போர்க்காலத்தில், நாட்டுப்பற்றோடு உழைத்தவர்களின் கணக்கு இது.

மணிநேர உற்பத்தி எதனால் கூடுகிறது என்பதற்கு நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலேயே நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. மும்பையை அடுத்த நெசவாலைகளில், தரையைச் சுத்தமாக வைப்பது, பழுதையும் பிசகையும் அன்றன்று குறித்து வைப்பது, உதிரிப்பொருள்களை ஒழுங்காக அடுக்குவது போன்ற மிக எளிய நிர்வாக முறைகளைப் புகுத்தியபோது முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. வெப்பநிலை ஒரு பாகை கூடினால் இந்தியத் தொழிற்சாலைகளின் ஆண்டு உற்பத்தி சுமார் 2 விழுக்காடு குறைகிறது என்று பொருளியலாளர் ஈ. சோமநாதன் முதலானோர் கணக்கிட்டார்கள். பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. பொருத்தியதால் தளத்தின் சூடு தணிந்து, வெப்ப நாள்களில் வேலை கூடியது. சென்னையில் குறைந்த வருமானம் உடையவர்களிடையே நடந்த ஓர் ஆய்வில் அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் ஐந்தரை மணி நேரமே உறங்கினார்கள் என்று தெரிந்தது. இரவு உறக்கத்தை அரைமணி அளவு கூட்டியதால் வேலையில் மாற்றம் வரவில்லை. ஆனால் பணியிடத்திலேயே மதியம் சிறிது நேரம் உறங்கவிட்டபோது, விழித்திருந்த நேரத்தின் உற்பத்தித்திறன் கூடியது. கத்திரி வெயிலில் கூரைத் தகடு கொதிக்கும் ஒரு கொட்டகையில் பத்தாம், பதினொன்றாம் மணி நேரத்தைச் சேர்ப்பதைவிட அந்தக் கூரையை மாற்றுவது ஏன் ஒரு மனுவிலும் கேட்கப்படுவதில்லை?

குஜராத்தோடு நம்மை ஒப்பிடும் மனுக்களுக்கும் ஒரு சொல். இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகளும், அதிகத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் தமிழ்நாட்டில்தான். நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இங்கேதான். ஆனாலும் ஒரு தொழிலாளிக்கு இவ்வளவு மதிப்பு என்ற கணக்கில் குஜராத் முன்னே நிற்கிறது. ஜாம்நகரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வேதிப்பொருள் ஆலைகளிலும் ஒரு தொழிலாளிக்குப் பின்னால் நிற்கும் மூலதனம் எவ்வளவு, சிவகாசியிலும் திருப்பூரிலும் எவ்வளவு என்று பார்த்தால் காரணம் விளங்கும். ஆடை தைப்பவரைப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார வைத்து அந்த இடைவெளியைக் கடக்க முடியாது.

விதிகளில் நான் வேண்டுவன இவை. நுழைவு முதல் வெளியேறுதல் வரையிலான நேரம் பழைய சட்டத்தின் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கான காலாண்டு உச்சவரம்பு, பழைய சட்டத்தின் பொது வரம்பான 50 மணி நேரத்திலேயே நிற்க வேண்டும். எந்தத் தொழிற்சாலையாவது விலக்குக் கோரினால், முந்தைய மூன்று ஆண்டுகளின் மணிநேர உற்பத்தியையும், விபத்துப் பதிவையும், கூடுதல் நேர ஊதியப் பட்டியலையும் மனுவோடு இணைக்கச் சொல்லுங்கள். இணைத்ததை இணையத்தில் வெளியிடுங்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்வோருக்கும் நேரப் பதிவேடு கட்டாயமாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு அரக்கோணத்திலிருந்தும் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் கம்பெனிப் பேருந்துகள் வருகின்றன. போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று பேருந்திலேயே கழியும் பெண்ணுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் வீட்டில் மிஞ்சுவது எட்டு மணி நேரம். அதில் சமையலும் உண்டு, பிள்ளையும் உண்டு. நிறுவனம் ஏற்பாடு செய்யும் பயணம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதைப் பணிநேரத்தோடு சேர்த்துப் பார்க்க விதியில் இடம் வையுங்கள். அதன் பின்னர் விடுதியும் வீடும் ஆலைக்கு அருகில் கட்டப்படும் வேகத்தைப் பாருங்கள்.

விதிகளின் வரைவைத் தமிழில், எளிய மொழியில் வெளியிடுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டங்களைச் சென்னை விடுதி அரங்கில் வேலைநாள் காலை பதினொரு மணிக்கு வைத்தால் தொழிலமைப்புகளின் வழக்கறிஞர்கள் மட்டுமே வருவார்கள். திருப்பூரிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆம்பூரிலும், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வையுங்கள். புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக இந்தியும் ஒடியாவும் அறிந்த ஒருவரையும் உடன் அமர்த்துங்கள்.

இப்படிக்கு,
நூற்பாலை உற்பத்திக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவன்,
கோயம்புத்தூர்.